கோளாறு கேபிளிலா, டிரைவரிலா? டவுன்லோடு பட்டனைத் தட்டும் முன் இதைப் பாருங்க!

ஆன்லைன் மீட்டிங் தொடங்க இன்னும் 5 நிமிஷம்தான். ஹெட்செட்டைச் செருகினால் லேப்டாப் கண்டுக்கவே மாட்டேங்குது. கூகுளில் தேடினால், 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்யலாம்' என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கும். அவசரத்தில் அதை இன்ஸ்டால் செய்வதுதான் பெரிய தப்பு.

ஏன் ஆபத்து?

கருவிக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று பேசிக்கொடுப்பதுதான் டிரைவர். பல டிரைவர்களுக்கு விண்டோஸின் மையப்பகுதி வரை அனுமதி உண்டு. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், பிழையான ஒரு அப்டேட் கோப்பைப் படித்ததும் உலகம் முழுக்க நீலத்திரை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. பெயர்பெற்ற நிறுவனத்தின் தவறுக்கே இந்தக் கதி என்றால், முகம் தெரியாத 'டிரைவர் அப்டேட்டர்'களை எப்படி நம்புவது?

முதலில் கேபிள்

வேறு போர்ட்டில் செருகுங்கள். ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாக இணையுங்கள். தனிக் கேபிள் என்றால் மாற்றிப் பாருங்கள். சில மலிவு யூஎஸ்பி கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. இன்னொரு கணினியிலும் வேலை செய்யவில்லையா? அப்போ சந்தேகம் கருவி மேல்தான்.

அடுத்து டிரைவர்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால், அதை டபுள் கிளிக் செய்யுங்கள்.

• கோட் 28: டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை.
• கோட் 43: கருவியே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.
• அப்டேட்டுக்குப் பிறகு வந்த பிரச்னையா? டிரைவர் டேபில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

டிரைவர் தேவைப்பட்டால் இரண்டே இடங்கள் போதும்: விண்டோஸ் அப்டேட்டில் உள்ள 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்', அல்லது கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளம். ஆபீஸ் லேப்டாப் என்றால் நீங்களே கை வைக்காமல் ஐடி டீமிடம் சொல்லிவிடுங்கள்.

பயனர்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. பழைய மாடல்களின் டிரைவர்களையும் எளிதில் கிடைக்கும்படி வைத்திருப்பது நிறுவனங்களின் கடமை. அங்கே கிடைக்காதபோதுதான் மக்கள் கண்ட தளங்களுக்கும் போகிறார்கள். மீட்டிங்குக்கு 5 நிமிஷம் லேட்டானால் சமாளிக்கலாம். லேப்டாப்பில் உள்ள பாஸ்வேர்டெல்லாம் கைமாறினால்?