கடலடியில் ஒரு பாதை

ஒரு பள்ளிக்கு ஒரே தமிழாசிரியர். ஒரு பாடம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போனால் அவர் யாரிடம் யோசனை கேட்பார்? தமிழ்நாட்டில் என்றால் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் நண்பரைப் பார்க்கலாம். அந்தமான் நிகோபாரில் பக்கத்து ஊர் என்பது பல சமயம் அடுத்த தீவு. சென்னையோ கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம்.

இந்தத் தூரத்தைச் சுருக்கத்தான் கடலடியில் கேபிள் போட்டார்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மேலும் ஏழு தீவுகளுக்கும் செல்லும் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடி இழை, 2020 ஆகஸ்ட் 10-இல் இயங்கத் தொடங்கியது. அதுவரை தீவுகள் செயற்கைக்கோளின் குறுகலான தயவில் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் 'நிஷ்டா' ஆசிரியர் பயிற்சி 'திக்ஷா' தளத்தில் இணைய வழிக்கு வந்தது. பாடம் பார்க்கலாம், தேர்வு எழுதலாம், சான்றிதழ் பெறலாம்.

நல்லதுதான். ஆனால் இது பெரும்பாலும் மேலிருந்து கீழே வரும் படிப்பு. ஆசிரியருக்கு இன்னொன்றும் தேவை: தன்னைப் போலவே திணறும் இன்னொரு ஆசிரியர்.

தீவு ஆசிரியர் வெறுங்கையோடு கேட்க வருபவரும் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறக்குறைய 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம் அல்லது தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளரும் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது எப்படி என்பது அவருக்குத் தெரியும். இங்கே ரயிலே கிடையாது. பாடத்தில் ரயில் வந்தால் அதைக் கப்பலை வைத்து விளக்குவார். மும்பையிலும் டெல்லியிலும் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்த அனுபவம் பொன்னானது. சென்னைக்கும் இது பயன்படும்.

இப்படி ஒரு கூட்டு முயற்சி தமிழுக்குப் புதிதல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் வேலை நடந்தது.

ஆசிரியர்களுக்கு இது ஏன் கைகூடாது? முதல் தடை நேரம். கேட்பதும் பதில் சொல்வதும் பள்ளி வேலை என்று கணக்கில் வருவதில்லை. வீட்டுக்குப் போன பிறகு செய்யும் உபகாரமாகவே இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கினால் போதும். இரண்டாவது தடை எட்டாத கோடி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேறிய கச்சால், கேபிள் தொட்ட தீவுகளின் பட்டியலில் இல்லை. பக்கத்திலுள்ள கமோர்ட்டா இருக்கிறது.

பாதை போட்டாகிவிட்டது. அதில் பாடம் மட்டும் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தால் அது பாதி வேலை. தீவிலிருந்து ஒரு கேள்வி கிளம்பி, திண்டுக்கல்லில் ஓர் ஆசிரியரை யோசிக்க வைக்கும் நாளில்தான் செலவழித்த பணத்துக்கு முழு அர்த்தம் கிடைக்கும்.