காலாலேயே ஜூம் பண்ணுங்களேன், பார்க்கலாம்!

வார இறுதி போட்டோகிராபி வகுப்புகளில் தவறாமல் ஓதப்படும் மந்திரம் ஒன்று உண்டு. 'ஜூம் லென்ஸ் சோம்பேறிக்கு. நல்ல போட்டோகிராபர் காலால் ஜூம் பண்ணுவான்.' கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கலைக்குக் கலை, உடம்புக்கும் நல்லது. சொல்கிற மாஸ்டரின் கழுத்தில் நாற்பது வருஷப் பழைய ரஷ்ய லென்ஸ் மாட்டிய கேமரா தொங்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற பையன், கேமராவோடு வந்த 18-55 ஜூம் லென்ஸை அன்று ராத்திரியே அடிமாட்டு விலைக்கு ஆன்லைனில் விற்கப் போட்டுவிட்டு, தானும் ஒரு பழைய லென்ஸ் தேட ஆரம்பித்துவிடுவான்.

அந்த மாஸ்டரைக் கொடைக்கானல் தூண் பாறைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மந்திரத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்ல வேண்டும். நிற்கிற இடத்தில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. அதற்கும் அந்தப் பக்கம் சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள். காலால் ஜூம் பண்ணுவதென்றால் வேலியைத் தாண்ட வேண்டும். தாண்டினால் போட்டோ வரும். மறுநாள் பேப்பரில், பாஸ்போர்ட் சைஸில்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். பிரைம் லென்ஸ் என்றால் ஒரே பார்வை. 28 எம்.எம். என்றால் ஆயுசுக்கும் 28-தான். ஜூம் என்றால் வளையத்தைத் திருகத் திருகப் பார்வை மாறும். 24-லிருந்து 70 வரை, 70-லிருந்து 200 வரை என்று பல ரகம். சின்ன நம்பர் அகலமாகப் பார்க்கும், பெரிய நம்பர் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும், சண்டை போடலாம்.

காலால் ஜூம் என்பது ஆபத்தான யோசனை மட்டுமில்லை, கணக்கிலேயே தப்பான யோசனை. உங்களுக்கு முன்னால் இரண்டு மீட்டரில் ஒரு பாறை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஐந்து கிலோமீட்டரில் ஒரு மலை. ஒரு மீட்டர் முன்னால் போங்கள். படத்தில் பாறை இரண்டு மடங்காகிவிடும். மலை? ஒரு நூல்கூட வளர்ந்திருக்காது. மலையை இரண்டு மடங்காக்க இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது பாறை உங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கோ கிடக்கும். ஆக, நடந்தால் படம் பெரிதாவதில்லை. வேறு படமாகிவிடுகிறது.

எங்கே நிற்கிறோம் என்பது பாறைக்கும் மலைக்கும் உள்ள உறவைத் தீர்மானிக்கிறது. லென்ஸோ, அந்த உறவில் எவ்வளவைச் சட்டத்துக்குள் அடைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பது, 'வீட்டு வாடகைதானே, அதற்குத்தான் மளிகை பாக்கியைக் கட்டிவிட்டேனே' என்கிற மாதிரி. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு டாலியாகவில்லை.

இந்த மந்திரம் எங்கிருந்து வந்தது? தெருவிலிருந்து. கார்ட்டியர் பிரெஸ்ஸன் ஒரு லைகாவையும் 50 எம்.எம். லென்ஸையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். தெருவில் அது சரி. மனிதர்கள் பத்தடியில் இருக்கிறார்கள், இரண்டு எட்டு வைத்தால் கிட்டே போய்விடலாம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து மலைக்கு மாட்டுவது, நகர பஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு டெல்லி ரயிலில் ஏறுவது போல.

"கேலன் ரோவெல் ஓடிப் போய்த்தானே சார் எடுத்தார்?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், ஓடினார். 1981-ல் திபெத்தின் லாசாவில், போட்டாலா அரண்மனை மேல் வானவில் இறங்குகிற அந்தப் புகழ்பெற்ற படம். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் அந்த மனிதர் ஏன் ஓடினார் என்பதுதான் கேள்வி. அரண்மனையைப் பெரிசாகக் காட்டவா? இல்லை. வானவில் பார்க்கிறவனோடு கூடவே நகரும். அது சரியாக அரண்மனை மேல் இறங்கித் தெரிகிற இடத்தைப் பிடிக்க ஓடினார். கால் செய்ய வேண்டிய வேலையைக் கால் செய்தது. ஜூமுக்கு எதிரான சாட்சியாக அவரைக் கூப்பிடுவது நியாயமே இல்லை.

இன்னொரு சாட்சி, இயற்கைக் காட்சிப் படங்களுக்கே பிதாமகரான ஆன்சல் ஆடம்ஸ். அவர் வைத்திருந்தது பெட்டி மாதிரியான பெரிய கேமரா. அதில் குக் கம்பெனியின் ஒரு லென்ஸ். அதன் முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்தால் ஒரு பார்வை. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் வேறு இரண்டு பார்வை. ஒரே லென்ஸில் மூன்று! 1941-ல் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழும்புகிற படத்தை அதில் ஒரு பாதியை வைத்துத்தான் எடுத்தார். அவசரத்தில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று ஞாபகத்திலிருந்து கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். ஜாக்கிரதைக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று திரும்புவதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போயே போய்விட்டது.

மலையில் வெளிச்சம் அப்படித்தான். கொடைக்கானலில் மேகம் விலகி, பாறை தெரிந்து, நீங்கள் பையைத் திறந்து 28-ஐக் கழற்றி 50-ஐ மாட்டுவதற்குள் மறுபடி வெள்ளைத் திரை விழுந்துவிடும். பக்கத்தில் செல்போனில் எடுத்த ஆசாமி படத்தை வீட்டுக்கே அனுப்பிவிட்டு சுக்குக் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

போதாக்குறைக்கு, காற்றடிக்கிற இடத்தில் லென்ஸை மாற்ற மாற்ற சென்சார் மேல் தூசி உட்காரும். கல்யாண போட்டோகிராபருக்கு அது பெரிதாகத் தெரியாது. அபர்ச்சரைச் சுருக்கி வைத்து ஆகாயத்தை எடுக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு தூசியும் அம்மைத் தழும்பு மாதிரி பளிச்சென்று தெரியும்.

இப்போது 'கேரக்டர்' என்கிற சமாசாரத்துக்கு வருகிறேன்.

பழைய லென்ஸ்களில் சூப்பர் ஸ்டார் ஹீலியோஸ் 44-2. 58 எம்.எம்., சோவியத் தயாரிப்பு. ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி போட்ட பயோட்டார் டிசைனை ஒட்டிச் செய்தது. ஜெனித் கேமராவோடு கூடவே வந்த சாதாரண லென்ஸ், லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். 2008-க்குப் பிறகு கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இடம் குறைந்ததால், ஒரு அடாப்டரைப் போட்டு எந்தக் காலத்து லென்ஸையும் மாட்டலாம் என்றாயிற்று. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஹீலியோஸுக்கு மவுசு வந்தது. அதன் பெருமை என்ன? அபர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்தால் பின்னணி இலைகள் சுழல் மாதிரி சுற்றும். பெண்ணை நிற்க வைத்து எடுத்தால் அழகுதான். மறுக்கவில்லை.

ஆனால், மலையை யார் முழுக்கத் திறந்த அபர்ச்சரில் எடுக்கிறார்கள்? காலடிப் புல்லிலிருந்து கடைசி மலை வரை எல்லாம் துல்லியமாக வர வேண்டும் என்றால் எஃப்/8, எஃப்/11 என்று சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆடம்ஸும் நண்பர்களும் 1932-ல் ஆரம்பித்த குழுவுக்குப் பெயரே எஃப்/64. அந்தப் பெரிய கேமராவின் மிகச் சின்ன அபர்ச்சரின் பெயர்! எஃப்/8-க்கு வந்ததும் ஹீலியோஸின் சுழல் நின்றுவிடும். எதற்காகக் காசு கொடுத்தீர்களோ அது காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பது பழைய காலத்துக் கோட்டிங்கும், சூரியன் பக்கவாட்டில் வந்தால் பால் ஊற்றின மாதிரி வெளுக்கிற படமும்தான்.

அதற்கும் பெயர் கேரக்டர்தான். பென்டாக்ஸின் பழைய சூப்பர் டக்குமார் 50 எம்.எம். லென்ஸ்களில் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருஷம் ஆக ஆக அது பழுப்பேறும். சில நாள் வெயிலில் வைத்தால் பழுப்பு குறையும், அவ்வளவுதான். விற்கிறவர் அதை 'வார்ம் டோன்' என்கிறார். பால் திரிந்தால் பனீர் என்று சொல்லி விற்கிற சாமர்த்தியம். எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் இதைத்தான் குட்வில் என்று சொல்லிக்கொடுத்தார்: கண்ணுக்குத் தெரியாத சொத்து, புத்தகத்தில் மட்டும் மதிப்பு.

பையனின் கேமராவில் இன்னொரு சிக்கல். முதல் கேமரா என்றால் அநேகமாகச் சின்ன சென்சார். அதில் எந்த லென்ஸின் நம்பரையும் ஒன்றரையால் பெருக்க வேண்டும். 58 எம்.எம். ஹீலியோஸ் 87 ஆகிவிடும். மலைத்தொடரை எடுக்கப் போனவன் மலையின் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வருவான். ஃபிலிம் காலத்தில் அகலமான லென்ஸ் என்று கொண்டாடப்பட்ட 28 எம்.எம். 42 ஆகிவிடும். அவன் அடிமாட்டு விலைக்கு விற்ற 18-55 இருக்கிறதே, அது 27-லிருந்து ஆரம்பிக்கும். அகலமாகப் பார்க்க அவனிடம் இருந்த ஒரே லென்ஸ் அதுதான்.

"28-லேயே எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாமே?" வெட்டலாம். 24 மெகாபிக்ஸல் படத்தை 50 எம்.எம். அளவுக்கு வெட்டினால் கையில் ஏழரை மெகாபிக்ஸல் மிஞ்சும். ஏழரை என்ற நம்பருக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூம் என்றாலே மட்டம் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 35 எம்.எம். ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் 1959-ல் வந்தது, வாய்க்ட்லெண்டரின் ஸூமர், 36-82. அதற்குப் பின்னால் வந்த மலிவு ஜூம்கள் பலவும் ஓரங்களில் மசமசவென்றுதான் எடுத்தன. இப்போது டிசைன் போடுவது கம்ப்யூட்டர், கோட்டிங் வேறு. 2007-ல் நிக்கான் 14-24 வந்தபோது, போட்டிக் கம்பெனியான கேனான் கேமரா வைத்திருந்தவர்களே அடாப்டர் தேடி வாங்கி அதை மாட்டிக்கொண்டார்கள். தாத்தா காலத்துத் தீர்ப்பை இன்னும் அமலில் வைத்திருப்பது நியாயமா?

ஜூம் விற்கிறவர்கள் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலை எடுக்கப் போகிறேன் என்று சொல்கிறவர் தலையிலும் எஃப்/2.8 ஜூமைக் கட்டுகிறார்கள். எஃப்/8-ல் எடுக்கப் போகிறவருக்கு எஃப்/2.8 எதற்கு? மொட்டை மாடிக்குப் போக ஹெலிகாப்டரா? நான் சொன்ன அந்த 14-24 கிட்டத்தட்ட ஒரு கிலோ. முன்பக்கக் கண்ணாடி முட்டைக் கண் மாதிரி பிதுங்கியிருப்பதால் சாதாரண ஃபில்டர்கூட மாட்ட முடியாது. எஃப்/4 ஜூம் போதும். கேமராவோடு வந்த ஜூமே எஃப்/8-ல் கௌரவமாக எடுக்கும்.

பழைய லென்ஸுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். பெரிய சென்சார் கேமரா இருந்து, பையில் கனம் கூடாது என்று நினைப்பவருக்குப் பழைய 28 எம்.எம். நல்ல துணை. அதன் மேல் தூரக் கணக்கைப் பொறித்திருப்பார்கள். எஃப்/11 வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்தினால் சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். விடியற்காலை இருட்டில் ஆட்டோஃபோகஸ் திண்டாடும்போது இது வரப்பிரசாதம். இன்றைய ஜூம்கள் பலவற்றில் அந்த அளவுகோலையே எடுத்துவிட்டார்கள். அக்கிரமம். ஃபில்டரும் சின்ன சைஸ், செலவு குறைவு. தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே முடிந்த சரக்கு என்பதால், வாங்கின விலைக்கே திரும்ப விற்கவும் வாய்ப்புண்டு. இந்தக் காரணங்களுக்காக ஒருவர் வாங்கினால் நான் ஏன் குறுக்கே நிற்கப் போகிறேன்? 'ஆத்மா இருக்கிறது' என்று வாங்குகிறவரிடம்தான் எனக்குத் தகராறு.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால் கடைக்கு ஒரு டார்ச் லைட் எடுத்துப் போங்கள். பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை மாதிரி ஈர ஊரில், பல வருஷம் பீரோவில் கிடந்த லென்ஸில் சகஜம். வலை கோட்டிங்கை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. அடுத்து, அடாப்டரோடு கேமராவில் மாட்டி வெளியே வாருங்கள். வளையத்தைக் கடைசி வரை திருகி, தூரத்து செல்போன் டவரைப் பாருங்கள். அடாப்டர் ஒரு இழை கூடுதல் தடிமனாக இருந்தாலும் டவர் தெளிவாக வராது. மலையும் வராது. டவரைப் படத்தின் இடது ஓரத்தில் வைத்து ஒன்று, வலது ஓரத்தில் வைத்து ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸோ அடாப்டரோ கோணல். கடைக்காரர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். காசை எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.