காலடிப்பேட்டையில் ஒரு கண்காட்சி

திருவொற்றியூரிலுள்ள காலடிப்பேட்டை என்னும் பெயருக்கும் காலடிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட், நெசவாளரைக் குடியேற்றி அமைத்த பேட்டை அது. கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது, ஊர் பிறந்தது.

நம் துணி காட்சிப் பொருளானதும் பிறர் லாபத்துக்கே. 1866-ல் லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பார் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளாக்கினார். ஆங்கில ஆலைக்காரர் நம்மவர் விருப்பமறிந்து நெய்து நமக்கே விற்கவேண்டும் என்பது நோக்கம். தயாரித்த 20 பிரதிகளில் 13 பிரிட்டனிலேயே தங்கின. துணியின் நீளமும் எடையும் குறித்தார்கள். நெய்தவன் பெயரைக் குறிக்கவில்லை.

1851-ல் தொடங்கிய பொருட்காட்சிசாலை எழும்பூரில் இருக்கிறதே என்பர் சிலர். இருக்கட்டும். 2004 முதல் ஆகஸ்டில் சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். அப்போது காலடிப்பேட்டையிலேயே நம் சங்கங்கள் ஒரு கண்காட்சி நடத்தலாகாதா? கண்ணாடிப் பெட்டிகள் வேண்டா. தறி ஓடட்டும்; வருவோர் பாவையும் ஊடையையும் தொட்டுப் பார்க்கட்டும்; விளக்கம் சொல்பவர் நெசவாளராகவே இருக்கட்டும். அவருக்கு அன்றைய கூலியைக் கட்டாயம் கொடுக்கவேண்டும். பொன்னாடை அடுப்பெரிக்க உதவாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைப் பிரேரிக்க வேண்டுகிறோம்.