கைலி சொல்லாத கணக்கு

திருச்சி பெரிய கடைவீதியில் கடை வைத்திருக்கும் நம் உறவினர் ஒருவர் 168 சென்டிமீட்டர் உயரம், 62 கிலோ எடை உடையவர். எடையை மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைக்கும் உடல் நிறைக் குறியெண், அதாவது பி.எம்.ஐ., அவருக்கு 22. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இது சரியான எடைதான். "நமக்கென்ன, ஒல்லி உடம்பு" என்று ஐம்பத்தைந்து வயதுவரை இரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார். கண்ணாடி மாற்றப் போனபோது விழித்திரையைப் பார்த்த மருத்துவர்தான், சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று கேட்டார்.

அவருடைய மைத்துனர் மகன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அதே உயரம், எடை 74 கிலோ, குறியெண் 26. இந்தியர்களுக்கான வரம்பின்படி இது உடற்பருமன். ஆனால் அவருக்குச் சர்க்கரையும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. அவரது எடையில் பெரும்பகுதி தோளிலும் தொடையிலும் உள்ள தசை. எண் அதை அறியாது.

இக்கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடோல்ஃப் கெத்லே. அவர் மருத்துவர் அல்லர். கணிதமும் வானியலும் கற்றவர். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிவதே அவர் நோக்கம். தனியொருவரின் நோயைக் கண்டறிவது அன்று. இன்றைய பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ்.

அதற்காக இக்கணக்கைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஓர் எடை இயந்திரமும் ஓர் அளவுகோலும் போதும், செலவில்லை. குறியெண் 35ஐத் தொட்டவர், "எல்லாம் எலும்பின் கனம்தான்" என்று தம்மைத் தேற்றிக்கொள்ள இடமில்லை. 16க்குக் கீழே நிற்கும் பெண்பிள்ளையை, "கொடிபோல் இருக்கிறாள்" என்று பெண் பார்க்க வந்தவர்கள் புகழ்ந்தாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரு முனைகளிலும் எண் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அது தடுமாறுவது நடுவில்தான். நம்மில் பெரும்பாலோர் இருப்பதும் அந்த நடுவில்தான்.

இந்திய உடலில் இத்தடுமாற்றம் கூடுதல். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தம் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியெண் 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. நமக்குக் கைகால்கள் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. சர்க்கரை நோய்க்கு வழி திறப்பது அந்தக் கொழுப்பே. இதனால்தான் 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி, மேலைநாட்டார் 25இல் வைத்த அதிக எடையின் எல்லையை நமக்கு 23ஆகக் குறைத்தார்கள். 30இல் தொடங்கிய உடற்பருமனை 25இல் தொடங்கினார்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் வரம்பு கட்டினார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

இந்த இடுப்புச் சுற்றளவில்தான் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பேன்ட் அணிகிறவனுக்குப் பொத்தான் எட்டாதபோதே செய்தி தெரிந்துவிடும். கைலி அப்படியன்று, இடுப்பு நான்கு அங்குலம் பெருத்தாலும் மடிப்பைச் சற்றுத் தளர்த்திக் கட்டினால் தீர்ந்தது. தளர்வான புர்காவும் அவ்வாறே. பத்தாண்டுகளில் உடல் மாறியதை நம் உடை நமக்குச் சொல்வதே இல்லை. தொழுகை வரிசைகளின் ஓரத்தில் நாற்காலிகள் ஆண்டுதோறும் கூடிவருவதை நாம் காண்கிறோம். அவற்றில் அமர்வோர் எல்லாரும் முதியோரல்லர்; ஸுஜூதில் வயிறு இடிக்கிறது என்று கூசிச் சொன்ன நாற்பது வயதுக்காரரையும் நாம் அறிவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் என வகுத்துக் காட்டினார்கள். எடையைப் பற்றியன்று, வயிற்றைப் பற்றியே பேசினார்கள் என்பது நம் கவனத்திற்கு உரியது. வலீமா பந்தியில் இரண்டாம் முறை பிரியாணி வைக்க வருபவரிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறோம், பயன் சொற்பம்தான்.

செய்யவேண்டியது எளிது. வீட்டுத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருக்கும் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை வெளிவிட்டபின் அளவெடுங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டினால், குறியெண் என்னவாக இருந்தாலும், வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், ஒல்லியானவர்களும் முப்பது வயதிலிருந்தே செய்துகொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். கதவைத் தட்டும் அந்தப் பெண் பணியாளரை, "இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பாதிருந்தால் போதும்.

கடைவீதி உறவினர் இப்போது ஃபஜ்ர் தொழுதுவிட்டு, சிந்தாமணியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் அம்மா மண்டபம்வரை நடந்து திரும்புகிறார். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. குறியெண் இன்றும் ஏறத்தாழ 22தான். இடுப்பு மட்டும் 96 சென்டிமீட்டரிலிருந்து 91க்கு வந்திருக்கிறது.