மாமனுக்கு எங்கே போவது?

குழந்தைக்குக் காது குத்த வேண்டும். ஆசாரி வந்துவிட்டார். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைப்பது வழக்கம். தாயோ, பெற்றோருக்கு ஒரே பெண். மாமனுக்கு எங்கே போவது?

ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். காது குத்தி, சாப்பாடு முடிந்ததும் அவர் பஸ் ஏறிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் 1971-ல் 100 பெண்களுக்கு 390 குழந்தைகள் என்ற கணக்கு இருந்தது. 2020-ல் அது 140 ஆகிவிட்டது. இதில் நன்மை உண்டு. தாயின் உடம்பு தப்பியது. பெண் குழந்தையும் பள்ளிக்கூடம் போகிறது. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று எந்தத் தாயும் கேட்க மாட்டாள்.

ஆனால், ஒரே மகனும் ஒரே மகளும் மணந்து கொண்டால் என்ன ஆகும்? அவர்கள் குழந்தைக்குச் சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, சித்தி இல்லை, மாமனும் இல்லை. அப்பா அடிக்க வந்தால் ஓடி ஒளிய அத்தையின் முந்தானை உண்டா?

பரீட்சையில் தோற்ற பையன், வீட்டில் சொல்லப் பயந்து மாமன் வீட்டுக்குப் போவான். மாமன் சோறு போடுவார். பிறகு கையைப் பிடித்து அழைத்து வருவார். "பையனை ஒன்றும் சொல்லாதே, அக்கா" என்பார். அதோடு சரி. இன்று அந்தப் பையன் எங்கே போவான்?

ஒன்றுவிட்ட அண்ணனும் அண்ணன்தான். காதுகுத்தோடு அவரை அனுப்பிவிடக் கூடாது. கோடை விடுமுறையில் 10 நாள் பிள்ளையை அவர் வீட்டில் விடலாம். அவர் பிள்ளைகளும் இங்கே வரட்டும். சண்டை வரும். வரட்டுமே!