மருத்துவ அலுவலகப் பணியும் மாறிவரும் தொழில்நுட்பமும்

மருத்துவமனை என்றதும் மருத்துவரும் செவிலியரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறது. நோயாளியின் குறிப்பைத் தட்டச்சு செய்பவர், நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு இடுபவர், காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் அனுப்புபவர் என்று பலர். அமெரிக்க மருத்துவமனைகளின் இந்த வேலையில் ஒரு பகுதி இன்று சென்னை, திருச்சி, சேலம் போன்ற ஊர்களில் நடக்கிறது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிர் அறிவியல் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு முதல் சம்பளம் தரும் வேலை இது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: "காலத்துக்கு ஏற்ப அப்டேட் ஆகிக்கொண்டே இரு." நல்ல அறிவுரைதான். ஆனால் எதைக் கற்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

முதலில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனின் கதையைப் பார்க்கலாம். 1990களின் இறுதியில் இந்தத் தொழில் இங்கே அலையாக வந்தது. அங்கே மருத்துவர் மாலையில் பேசிப் பதிவு செய்வார். அது இணையம் வழியே இங்கே வரும். அங்கே அவர் தூங்கும் நேரத்தில் இங்கே தட்டச்சு முடிந்துவிடும். ஊதியம் பெரும்பாலும் வரிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள் ஒரு வரி. வேகமாகத் தட்டத் தெரிந்தவருக்கு நல்ல வருமானம் கிடைத்தது. தெருவுக்குத் தெரு பயிற்சி மையங்கள் முளைத்தன.

பிறகு பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. தட்டச்சு செய்தவர், கணினி தட்டியதைத் திருத்துபவர் ஆனார். 2009-இல் அமெரிக்க அரசு, மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை தரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவர்களே திரையில் கட்டங்களை நிரப்பத் தொடங்கினார்கள். மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் மென்பொருள்கள் அடுத்து வந்தன. இத்துறையில் பெயர்பெற்ற நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் சுமார் 1,970 கோடி டாலருக்கு 2022-இல் வாங்கியது. இந்தத் தொழில் போகும் திசைக்கு அதுவே சாட்சி.

விரல் வேகத்தை மட்டும் நம்பியவர்கள் இந்த மாற்றத்தில் வெளியேறினார்கள். மருத்துவம் புரிந்து தட்டியவர்கள் திருத்துநர்களாகவும், தரம் பார்ப்பவர்களாகவும், கோடர்களாகவும் நிலைத்தார்கள். 'ஹைப்பர்டென்ஷன்' என்பது உயர் ரத்த அழுத்தம். 'ஹைப்போடென்ஷன்' என்பது குறைந்த ரத்த அழுத்தம். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும். நோயாளிக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்து எது சரி என்று கண்டுபிடிப்பவரே உண்மையில் வேலை தெரிந்தவர்.

மெடிக்கல் கோடிங் கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1979 முதல் பயன்பாட்டில் இருந்தது ஐ.சி.டி-9. இருமுறை தள்ளிப்போடப்பட்டு, 2015 அக்டோபர் 1 அன்று ஐ.சி.டி-10 நடைமுறைக்கு வந்தது. சுமார் 13,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஒரே நாளில் சுமார் 68,000 ஆயின. கை எலும்பு முறிந்தது என்றால் இப்போது போதாது. வலது கையா இடது கையா, எந்த எலும்பு, எந்தப் பகுதி, இது முதல்கட்ட சிகிச்சையா அடுத்தகட்டமா என்றெல்லாம் குறியீடு கேட்கிறது. வாத்து மோதிக் காயம் என்றால் அதற்கும் ஒரு குறியீடு உண்டு! பழைய எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தவரின் உழைப்பு அன்றோடு வீணானது. உடற்கூறு தெரிந்தவர் சில மாதங்களில் தேறிவிட்டார்.

மாற்றம் அதோடு நிற்கவில்லை. நோய்க் குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபரிலும், சிகிச்சைக் குறியீடுகள் ஜனவரியிலும் புதுப்பிக்கப்படுகின்றன. கொரோனா வந்தபோது அக்டோபர் வரை காத்திருக்க முடியவில்லை. 2020 ஏப்ரல் 1 அன்றே அதற்குத் தனிக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரியில் மருத்துவரைச் சந்திக்கும் கட்டணத்தைக் கணக்கிடும் விதியே மாறியது. அதுவரை எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை உறுப்பைப் பரிசோதித்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு மருத்துவர் எடுத்த முடிவின் சிக்கலோ, செலவிட்ட நேரமோதான் கணக்கு. எண்ணத் தெரிந்தால் போதும் என்ற வேலை, படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய வேலையாக மாறிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மருத்துவர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். புறநோயாளி என்றால் நிமோனியா என்று குறியீடு இடக்கூடாது. இருமல், காய்ச்சல் என்ற அறிகுறிகளுக்குத்தான் இட வேண்டும். உள்நோயாளியாகத் தங்கி, வீடு திரும்பும்போதும் மருத்துவர் அப்படியே எழுதியிருந்தால் நிமோனியா என்றே இடலாம். ஒரே சொற்றொடர், இரண்டு விடைகள். கணினி வேகமாக ஒரு குறியீட்டைப் பரிந்துரைக்கும். அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய விதியும் தெரிய வேண்டும், மருத்துவமும் தெரிய வேண்டும். தவறினால் பில் திரும்பி வரும். அதைவிட மோசம், இல்லாத நோய் ஒன்று ஒரு மனிதரின் பதிவேட்டில் ஏறிவிடும்.

இத்துறையின் பெயர்பெற்ற சி.பி.சி. தேர்வுக்குக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துச் செல்லலாம். 4 மணி நேரத்தில் 100 கேள்விகள். எண்கள் நினைவில் இருக்க வேண்டியதில்லை. சரியான இடத்தைத் தேடி, சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பயிற்சி மையங்கள் பலவும் பழைய வினாக்களையும் விடைகளையும் உருப்போட வைக்கின்றன. தேர்வில் தேறலாம், அடுத்த அக்டோபரில் தேறுவது கடினம்.

கற்பது ஊழியரின் கடமை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முழுச் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றுவது நியாயமா? சி.பி.சி. சான்றிதழைத் தக்கவைக்க 2 ஆண்டுக்கு ஒருமுறை 36 கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும். இரவுப் பணி முடித்து, அன்றைய கோப்பு எண்ணிக்கையையும் 95 சதவீதத் துல்லியத்தையும் எட்டிவிட்டு வீடு திரும்பும் ஒருவர், அதன் பிறகு சொந்தச் செலவில் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். புதிய கணினி வாங்குவதை முதலீடு என்கிற நிர்வாகம், அதை இயக்குபவருக்கான பயிற்சியை மட்டும் அவருடைய சொந்த விஷயம் என்கிறது. விதி மாறும் தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆகவே அதற்கு முந்தைய வாரங்களில் கோப்பு எண்ணிக்கையைக் குறைத்து, வேலை நேரத்திலேயே கற்றுக்கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

இன்று செயற்கை நுண்ணறிவு கோடர்களின் வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் பரவியிருக்கிறது. எளிய கோப்புகளை அது எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். மீதமிருப்பவை கடினமான கோப்புகளாக இருக்கும். அவற்றைக் கையாளப் போகிறவர் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கற்றவரா, ஏன் அழுத்த வேண்டும் என்று கற்றவரா? மென்பொருள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். மனித உடம்பில் உள்ள எலும்புகள் மாறுவதில்லை. அடிப்படையை ஊன்றிக் கற்றவருக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய பாடம்தான். மற்றவருக்கோ ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய வேலை தேடல்!