கரண்டு வைக்க எத்தனை நாள்?

மூக்கின் ஓரத்தில் சிறு மருவாகத் தோன்றியது உடைந்து ஆற மறுக்கிறது. என்றோ தீப்பட்டு ஆறிய தழும்பு, பல்லாண்டுகள் கழித்து மீண்டும் புண்ணாகிறது. கொட்டாம்பட்டி வட்டாரத்தில் இதற்கெல்லாம் சர்க்கரையே காரணம் என்று மாதங்களைக் கழிப்போர் உண்டு. தோல் புற்றுநோய் நம்மவர்க்கு அரிது என்பது மெய்யே; கருநிறம் வெயிலுக்குக் குடை பிடிக்கிறது. பழைய தழும்புக்கு அக்குடை உதவாது. ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணில் சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்தேயாக வேண்டும்.

நோய் உறுதியானபின், 'கரண்டு வைக்க வேண்டுமாம்' என்று நடுங்கி வருகிறார்கள். அது மின்சாரமன்று, கதிர். வைக்கும்போது வலியில்லை. வெளியிலிருந்து கதிர் பெற்றவர் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சத் தடையுமில்லை. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். 1899-இலேயே சுவீடனில் தோல் புற்றுக்கு அதனைப் பயன்படுத்திவிட்டனர்.

ஆயினும் அறுத்து அகற்ற இயலுமாயின் பெரும்பாலும் அதுவே முதல் வழி. முழங்காலுக்குக் கீழே தீத்தழும்பில் எழுந்த புற்றுக்குக் கத்தியே ஏற்றது. அவ்விடத்தில் கதிர் பட்ட தோல் எளிதில் ஆறாது. இமை, மூக்கு போன்ற இடங்களிலும், மயக்க மருந்து தாங்காத முதியோரிடத்தும் கதிர் கைகொடுக்கிறது.

கதிரிலும் வகையுண்டு. மெல்லிய புற்றுக்கு ஆழம் செல்லாத எக்ஸ் கதிர் போதும். லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரம் தரும் எலக்ட்ரான் கதிர் சில சென்டிமீட்டரில் நின்று, அடியிலுள்ள உறுப்புகளைக் காக்கிறது. கோபால்ட் கதிரோ ஆழ ஊடுருவும். வளைவான இடங்களில் அச்சுப் போலொன்றைப் பொருத்தி, அதனுள் இரிடியத்தைச் சிறிது நேரம் செலுத்தியெடுப்பதும் உண்டு.

வீட்டார் கேட்கவேண்டிய கேள்வி நாட்களைப் பற்றியது. வாரத்துக்கு ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு வாரம் சிறுசிறு அளவாகக் கொடுப்பது ஒரு முறை. அளவைக் கூட்டி, சில நாட்களிலேயே முடிப்பது மற்றொன்று. பின்னதில் ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்விடத்துத் தோல் வெளிறி மெலியக்கூடும். நாற்பத்தைந்து வயதினர்க்கு அது பெருங்குறை. எண்பது வயதுப் பெரியவரையோ, மேலூர் வழியாகப் பாலரங்காபுரம் அரசு மருத்துவமனைக்கு ஆறு வாரம் பேருந்தில் அலைக்கழிப்பானேன்? குறைந்த நாட்களில் முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் கதிர் பட்ட இடம் சிவந்து உரியும். 'புண் பெரிதாகிவிட்டது' என்று பலர் பாதியில் நிறுத்துவது அப்போதுதான். அது எதிர்பார்த்ததே. மஞ்சளும் வேப்பெண்ணெயும் அதன்மேல் பூசாமல், மறுநாள் பேருந்துக்குப் புறப்படுங்கள்.